மீட்டர் முள் ஏறினால் ஒயரைப் பிடுங்காதீர்கள்

ஆசிரியருக்கு,

மீன்பிடித் தடைக்காலப் படகு மராமத்து பற்றி உங்கள் இதழில் வந்த கட்டுரை பலகை, பெயின்ட், வலை எல்லாம் பேசியது. இன்ஜின் சூடாவதைப் பற்றி மட்டும் ஒரு வரியும் இல்லை. கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கரையில் நிற்கின்றன. கூலிங்கைப் பிரித்துப் பார்க்க இதைவிட்டால் நேரம் ஏது?

இன்ஜின் சூட்டைக் காட்டும் மீட்டரின் முள் சிவப்புக்குப் போனதும் பல படகுகளில் அலாரம் ஒயரைப் பிடுங்கிவிடுகிறார்கள், சூடேறியதும் திறந்து கூலன்ட்டை விடும் வால்வான தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிந்துவிடுகிறார்கள். சூடு நிஜமா, மீட்டர் பொய் சொல்கிறதா என்று பத்து நிமிடத்தில் தெரிந்துகொள்ளலாம்.

முள் ஏறும் விதத்தைக் கவனியுங்கள். மெதுவாக ஏறினால் பெரும்பாலும் நிஜச் சூடு. சாவி போட்டதுமே கடைசிக்குத் தாவினால் ஒயர் எங்கோ பாடியில் உரசுகிறது. இன்ஜினில் சூட்டை அளந்து மீட்டருக்குச் சொல்லும் சென்சார் ஒற்றை ஒயர் வகை என்றால் அந்த ஒயரைக் கழற்றிப் பாருங்கள்: முள் குளிர்ந்த பக்கம் இறங்க வேண்டும். ஒயர் நுனியை ஒரு நொடி இன்ஜின் பாடியில் தொட்டால் சூடான பக்கம் ஓட வேண்டும். இரண்டும் நடந்தால் மீட்டரும் ஒயரும் சரி. சந்தேகம் சென்சார் மேல்தான். கம்ப்யூட்டர் உள்ள புது இன்ஜின்களில் இந்தச் சோதனை கூடாது.

கழற்றிய சென்சாரை வெந்நீரில் தொங்கவிட்டு, பக்கத்தில் தெர்மாமீட்டர் வைத்து மல்டிமீட்டரில் ஓம் பாருங்கள். பரவலாக உள்ள ஐரோப்பிய வகையில் 60 டிகிரியில் சுமார் 134 ஓம், 100 டிகிரியில் சுமார் 38 ஓம் வரும். அமெரிக்க வகைக்குக் கணக்கே வேறு. மரை பொருந்துகிறதே என்று ஒன்றுக்குப் பதில் மற்றொன்றை மாட்டினால் முள் என்றைக்கும் தப்பாகத்தான் காட்டும். மரையில் டெஃப்ளான் டேப்பைத் தடிமனாகச் சுற்றினாலும் எர்த் கிடைக்காமல் முள் குறைத்துக் காட்டும். உப்புக்காற்றில் ஒயர் முனை பச்சைக் களிம்பு பூத்திருந்தாலும் அப்படித்தான். சுரண்டிச் சுத்தம் செய்தாலே பாதி கோளாறு தீரும்.

இதில் ஆபத்தான பொய் ஒன்று உண்டு. இன்ஜினுக்குள் சுற்றிக் குளிர்விக்கும் கூலன்ட் வற்றினால் சென்சாரின் நுனி காற்றில் நிற்கும். உள்ளே இன்ஜின் வேகும்போதே முள் கீழே இறங்கும். முள் இறங்கியதும் சரியாகிவிட்டது என்று வேகம் கூட்டினால் இன்ஜின் ஹெட்டுக்கு அடியில் உள்ள ஹெட் கேஸ்கட்டோடு போகாது, சிலிண்டர் லைனரும் பிஸ்டனும் சேர்ந்து போகும்.

சூடு நிஜம் என்றால் கடல்நீர்ப் பக்கமிருந்து தொடங்குங்கள். பம்ப் இழுக்கும் கடல்நீர், ஹீட் எக்ஸ்சேஞ்சர் என்ற குழாய்க் கட்டில் கூலன்ட்டின் சூட்டை வாங்கிக்கொண்டு பக்கக் குழாய் வழியே வெளியே விழுகிறது. முதலில் ஸ்ட்ரெய்னர் என்ற வடிகட்டி, பிளாஸ்டிக் பையும் சொறிமீனும் அடைப்பது அங்கேதான். அதன் மூடி வாஷர் வெடித்திருந்தால் பம்ப் தண்ணீரோடு காற்றையும் இழுக்கும். அடுத்து பம்ப்புக்குள் சுழலும் இம்பெல்லர். ரப்பர் இதழ்களை எண்ணுங்கள். ஒன்று குறைந்தாலும் அது காணாமல் போகவில்லை, பெரும்பாலும் ஹீட் எக்ஸ்சேஞ்சரின் வாயில் குழாய்த் துளைகளை மூடி உட்கார்ந்திருக்கும். அதை எடுக்காமல் புது இம்பெல்லர் போட்டால் பழைய கதைதான். தண்ணீர் இல்லாமல் ஒரு நிமிடம் ஓடினாலே இதழ் கருகும், அதனால் புதியதைப் போடும்போது சோப்பு நீரோ கிளிசரினோ தடவுங்கள். கிரீஸ் ரப்பரைக் கெடுக்கும். தடைக்காலம் முழுக்க உள்ளேயே விட்டால் இதழ்கள் மடிந்தபடியே நின்றுவிடும். கழற்றி வையுங்கள்.

மெதுவாக ஓட்டும்போது சரியாக இருந்து, வலை இழுக்கும்போது மட்டும் சூடேறினால் எக்ஸ்சேஞ்சர் குழாய்களில் உப்பும் சேறும் படிந்திருக்கும், அல்லது உறிஞ்சும் ஹோஸ் உள்பக்கம் ஒட்டிக்கொள்ளும். எக்ஸ்சேஞ்சரின் துத்தநாகக் கட்டை பாதி தேய்ந்ததும் மாற்றுங்கள். நன்றாக ஓடும் நாளிலேயே பக்கக் குழாயில் விழும் தண்ணீரில் ஒரு வாளி நிறைய எத்தனை நொடி ஆகிறது என்று குறித்து வைத்தால், பிறகு நீர்வரத்து குறைவது உடனே தெரியும்.

தெர்மோஸ்டாட்டுக்கு வருகிறோம். அதைக் கழற்றினால் குளிரும் என்பது பாதிப் பேச்சு. பைபாஸ் என்ற குறுக்கு வழி உள்ள பல இன்ஜின்களில் கூலன்ட் எக்ஸ்சேஞ்சருக்குப் போகாமல் பைபாஸ் வழியே சுற்றி வரும், சூடு இன்னும் கூடும். மற்றவற்றில் இன்ஜின் எப்போதும் குளிர்ந்தே ஓடி டீசல் அதிகம் குடிக்கும், லைனர் தேயும். தெர்மோஸ்டாட்டின் மேல் அது திறக்கும் டிகிரி 71, 82 என்பதுபோல் பொறித்திருக்கும். நூலில் கட்டி, தெர்மாமீட்டரோடு வெந்நீரில் விடுங்கள். அந்த டிகிரியை ஒட்டித் திறக்கத் தொடங்கினால் நல்லது, இல்லாவிட்டால் அதே எண்ணில் புதியது வாங்குங்கள்.

இவ்வளவும் சரியாக இருந்தும் கூலன்ட் டேங்கில் ஓயாமல் குமிழி வந்தால் ஹெட் கேஸ்கட்டைப் பாருங்கள்.

நடுக்கடலில் சூடேறினால் வேகத்தைக் குறையுங்கள். பக்கக் குழாயில் தண்ணீர் விழவே இல்லை என்றால் உடனே நிறுத்துங்கள். சூடாக இருக்கும்போது டேங்க் மூடியைத் திறக்காதீர்கள், கொதிநீர் முகத்தில் அடிக்கும். ஆறும் முன் டேங்கில் கடல்நீரை மொண்டு ஊற்றினால் ஹெட்டில் விரிசல் விழும், உப்பும் உள்ளே தங்கும். ஒரு மாற்று இம்பெல்லர், ஒரு தெர்மோஸ்டாட், பத்து லிட்டர் நன்னீர், இவை படகில் எப்போதும் இருக்கட்டும்.

இப்படிக்கு,
படகு இன்ஜின் பழுதுபார்ப்போர்,
நாகப்பட்டினம்