பிழை தெரிந்த நாளிலிருந்தே கணக்கு தொடங்க வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நான் திருச்சியில் 22 ஆண்டுகளாக மருந்து மொத்த விற்பனை செய்து வருகிறேன். மென்பொருள் எழுத எனக்குத் தெரியாது. ஆனால் காலையில் கடை திறந்ததிலிருந்து இரவு கணக்கு முடிக்கும் வரை அதை நம்பியே தொழில் நடத்துகிறவன் என்ற முறையில், விற்ற மென்பொருளில் பிழை இருப்பது தெரிந்த பிறகு அதற்கான திருத்தத்தை நிறுவனம் எத்தனை நாளில் வாடிக்கையாளரிடம் சேர்க்க வேண்டும் என்பது பற்றித் தங்கள் நாளிதழ் வழியாகச் சிலவற்றைச் சொல்ல விரும்புகிறேன்.

2025 செப்டம்பர் 22 அன்று பெரும்பாலான மருந்துகளுக்கான ஜி.எஸ்.டி. 12 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகக் குறைந்தது. அந்த வாரக் கடைசியில் லால்குடியிலிருந்து வந்த ஒரு சில்லறை மருந்துக் கடைக்காரர் இரண்டு தாள்களை என் மேசையில் அடுத்தடுத்து வைத்தார். ஒன்று, செப்டம்பர் 10 அன்று நான் அவருக்குப் போட்ட பில்: சரக்கு 1,000 ரூபாய், வரி 120, ஆக 1,120 ரூபாய். மற்றொன்று, விற்காத அதே சரக்கை அவர் திருப்பி அனுப்பியபோது எங்கள் கணினி போட்ட கிரெடிட் நோட்: 1,050 ரூபாய். “அண்ணே, மிச்சம் 70 ரூபாய் எங்கே?” என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை. திரும்பி வரும் சரக்குக்குப் பழைய பில்லில் எந்த வரி போடப்பட்டதோ அதே வரியைத்தான் கழிக்க வேண்டும். எங்கள் பில்லிங் மென்பொருளோ பழைய பில்லைப் பார்க்காமல், அன்றைய வரி விகிதத்தை ஐட்டம் பட்டியலிலிருந்து எடுத்துப் போட்டிருந்தது. அவர் கைக்கு வர வேண்டிய பணம் குறைந்தது. அவர் வரிக் கணக்கும் தவறு, என் வரிக் கணக்கும் தவறு.

நிறுவனத்தின் உதவி எண்ணுக்குப் பேசியபோது, எதிர்முனையில் இருந்த இளைஞர் மிகவும் பணிவாக, “தெரியும் சார், நிறைய பேர் சொல்லிட்டாங்க, அடுத்த வெர்ஷன்ல சரியாயிடும்” என்றார். எத்தனை பேர் சொன்னார்கள், சொல்லாதவர்களுக்கு நீங்கள் சொன்னீர்களா என்று கேட்டேன். அது தன் வேலை இல்லை என்றார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். அக்டோபர் 11-க்குள் செப்டம்பர் மாத விற்பனைக் கணக்கைத் தாக்கல் செய்ய வேண்டியிருந்ததால், திரும்பி வந்த சரக்குகளின் பழைய பில்களை ஒவ்வொன்றாகத் தேடி எடுத்து, கிரெடிட் நோட்டுகளைக் கையால் எழுதினோம். புதிய வெர்ஷன் நவம்பர் 17 அன்று வந்தது. அதனுடன் வந்த குறிப்பில், இந்தப் பிழை செப்டம்பர் 30 அன்றே சரிசெய்யப்பட்டுவிட்டதாக எழுதியிருந்தது. அதாவது, தயாரான திருத்தம் 48 நாட்கள் அவர்களிடமே இருந்திருக்கிறது. வாட்ஸ்அப்பில் பில் அனுப்பும் வசதியும் திரையின் புதிய தோற்றமும் முடிவதற்காகக் காத்திருந்ததாக விற்பனைப் பிரதிநிதி பின்னர் விளக்கினார்.

பிழையே இல்லாத மென்பொருளை யாரும் எழுத முடியாது என்பதை நான் ஏற்றுக்கொள்கிறேன். என் மனக்குறை அந்த 48 நாட்களைப் பற்றியது. எங்கள் தொழிலில் இப்படி ஒரு காத்திருப்பை நினைத்துக்கூடப் பார்க்க முடியாது. ஒரு மருந்தின் குறிப்பிட்ட பேட்ச் தரத்தில் தவறிவிட்டது என்று தெரிந்தால், அதைத் திரும்பப் பெறுவதற்கு மத்திய மருந்துத் தரக் கட்டுப்பாட்டு அமைப்பு வழிகாட்டு நெறிகள் வைத்திருக்கிறது. உயிருக்கு ஆபத்து விளைவிக்கக்கூடிய குறை முதல் வகுப்பு. 24 மணி நேரத்தில் தொடங்கி அதிகபட்சம் 72 மணி நேரத்துக்குள் சரக்கு திரும்ப வேண்டும். அடுத்த வகுப்புக்கு 10 நாட்கள், அதற்கும் அடுத்ததற்கு 30 நாட்கள். மாற்றுச் சரக்கு எப்போது வரும் என்பது பிறகு பேசப்படும் விஷயம். முதலில் வருவது “இந்த பேட்ச் எண்ணை விற்காதீர்கள்” என்ற ஒற்றை வரித் தகவல்தான். அது வந்த மாத்திரத்தில் அந்தப் பெட்டிகளைத் தனியே எடுத்து வைத்துவிடுவோம். மென்பொருளுக்கும் இதே வரிசை பொருந்தும் என்று நினைக்கிறேன். குறை தெரிந்த நாளிலிருந்தே நாள் எண்ணப்பட வேண்டும். முதலில் எச்சரிக்கை, பிறகு திருத்தம். குறையின் கடுமைக்கு ஏற்பக் கெடு.

எச்சரிக்கையும் திருத்தமும் பிந்தினால் என்ன ஆகும் என்பதற்கு 1991 வளைகுடாப் போரில் நடந்த ஒன்றை என்னால் மறக்க முடிவதில்லை. சவூதி அரேபியாவின் தஹ்ரானில் அமெரிக்கப் படையினர் தங்கியிருந்த கட்டடத்தைப் பாதுகாத்த, எதிரி ஏவுகணையை வானிலேயே தடுக்கும் பேட்ரியாட் ஏவுகணை அமைப்பின் கணினி, நேரத்தை நொடியின் பத்தில் ஒரு பங்காக எண்ணிக்கொண்டே போகும். அந்தப் பத்தில் ஒன்றைக் கணினி பயன்படுத்தும் இரும எண்ணில் (0, 1 மட்டுமே கொண்ட எண்முறையில்) முழுமையாக எழுத முடியாது; எங்காவது ஓரிடத்தில் வெட்டியாக வேண்டும். வெட்டப்பட்ட துணுக்கு மிகச் சிறியதுதான் என்றாலும், கணினியை நிறுத்தாமல் ஓட்டினால் அது சேர்ந்துகொண்டே போகும். 100 மணி நேரத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு நொடி ஆகிவிடும். அந்த நேரத்துக்குள் ஈராக் ஏவிய ஸ்கட் ஏவுகணை அரைக் கிலோமீட்டருக்கு மேல் பறந்துவிடுவதால், பேட்ரியாட் வானத்தில் தவறான இடத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும்.

இந்தக் கோளாறு முன்பே தெரியாத ஒன்றன்று. 8 மணி நேரம் தொடர்ந்து ஓடினாலே துல்லியம் குறைகிறது என்ற விவரம், இதே அமைப்பைப் பயன்படுத்திய இஸ்ரேலியர்களிடமிருந்து பிப்ரவரி 11 அன்றே அமெரிக்கர்களுக்குக் கிடைத்தது. திருத்தப்பட்ட மென்பொருள் பிப்ரவரி 16 அன்று வெளியானது. பிப்ரவரி 21 அன்று படைப்பிரிவுகளுக்கு ஓர் எச்சரிக்கையும் போனது. ஆனால் “மிக நீண்ட நேரம்” ஓட்டினால் பிழை வரும் என்று எழுதியவர்கள், எத்தனை மணி நேரம் என்பதை எழுதவில்லை. அமைப்பை ஒருமுறை நிறுத்தி மீண்டும் இயக்கினாலே பிழை பூஜ்யத்துக்குத் திரும்பிவிடும், அதற்கு ஒன்று முதல் ஒன்றரை நிமிடம் போதும். எத்தனை மணிக்கு ஒருமுறை அதைச் செய்ய வேண்டும் என்பதைத் தஹ்ரானில் இருந்தவர்களுக்கு யாரும் சொல்லவில்லை. பிப்ரவரி 25 அன்று, 100 மணி நேரத்துக்கு மேல் ஓடிக்கொண்டிருந்த அந்த அமைப்பு தன்னை நோக்கி வந்த ஸ்கட்டைத் தவறவிட்டது. 28 படைவீரர்கள் இறந்தார்கள். திருத்தப்பட்ட மென்பொருள் தஹ்ரானுக்கு மறுநாள், 26 அன்று வந்து சேர்ந்தது. அமெரிக்க நாடாளுமன்றத்தின் தணிக்கை அலுவலகம் 1992-இல் வெளியிட்ட அறிக்கையில் இந்தத் தேதிகள் எல்லாம் இருக்கின்றன.

லால்குடிக் கடைக்காரரின் 70 ரூபாயை அந்த உயிர்களோடு ஒப்பிடும் எண்ணம் எனக்கு இல்லை. இரண்டு இடத்திலும் விடுபட்டது ஒன்றே என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன். திருத்தம் தயார் என்பதோடு பொறுப்பு முடிந்துவிட்டதாக எடுத்துக்கொண்டார்கள். அது கைக்குப் போய்ச் சேரும் வரை என்ன செய்ய வேண்டும் என்பதைப் பயன்படுத்துகிறவனுக்குப் புரியும்படி சொல்லாமல் விட்டார்கள்.

அவசரப்பட்டு அனுப்பினால் அதனாலேயே கேடு வரும் என்று நிறுவனங்கள் சொல்லும். அதிலும் உண்மை இருக்கிறது. 2024 ஜூலை 19 அன்று, நம் நேரப்படி காலை 9.39 மணிக்கு, கிரவுட்ஸ்டிரைக் நிறுவனம் தன் பாதுகாப்பு மென்பொருளுக்கு அனுப்பிய ஒரு கோப்பால் உலகம் முழுவதும் சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் முடங்கின. நம் நாட்டு விமான நிலையங்களில் பயணிகளுக்குக் கையால் எழுதிய போர்டிங் பாஸ் கொடுக்கப்பட்டது. 78 நிமிடங்களில் அந்தக் கோப்பைத் திரும்பப் பெற்றும், முடங்கிய கணினிகளில் பெரும்பாலானவற்றை ஆட்கள் நேரில் போய்த்தான் எழுப்ப வேண்டியிருந்தது. ஆனால் அங்கே நடந்த தவறு, சரியாகச் சோதிக்காத ஒன்றை எல்லா வாடிக்கையாளருக்கும் ஒரே நேரத்தில் அனுப்பியது. முதலில் சிலருக்கு அனுப்பி, ஒருநாள் பார்த்து, பிறகு மற்றவர்களுக்கு அனுப்பியிருந்தால் சேதம் சிலரோடு நின்றிருக்கும். அந்த நிறுவனமே பின்னர் அப்படிப் படிப்படியாக அனுப்பும் முறைக்கு மாறியது. சோதனைக்கு மூன்று நாள் வேண்டும், ஒரு வாரம் வேண்டும் என்றால் எந்த வாடிக்கையாளரும் மறுக்க மாட்டார். திரைக்கு வண்ணம் பூசி முடியும் வரை திருத்தத்தை நிறுத்தி வைப்பதற்குச் சோதனை என்று பெயரிட முடியாது.

முதல் திருத்தம் முழுமையாக இல்லாவிட்டால் என்ன செய்வது என்பதற்கும் நல்ல முன்மாதிரி உண்டு. 2021 டிசம்பரில் லாக்4ஜே என்ற இலவச மென்பொருளில் இருந்த கடுமையான ஓட்டை வெளியே தெரிந்தபோது, அதைப் பராமரித்த தன்னார்வலர்கள் உடனே ஒரு திருத்தம் தந்தார்கள். அது போதவில்லை என்று தெரிந்ததும், அதையும் வெளிப்படையாகச் சொல்லிவிட்டு அந்த மாதத்துக்குள்ளேயே மேலும் மூன்று வெளியிட்டார்கள். சம்பளம் வாங்காமல் உழைத்தவர்களால் இது முடிந்தது என்றால், ஆண்டுதோறும் பராமரிப்புக் கட்டணம் வாங்குகிற நிறுவனங்களால் ஏன் முடியாது?

வாடிக்கையாளர்களாகிய எங்கள் பக்கமும் தவறு இருக்கிறது. கணினிகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்ட வான்னாகிரை என்ற இணையத் தாக்குதல் 2017 மே 12 அன்று பிரிட்டனின் அரசு மருத்துவமனைகளை நிலைகுலைய வைத்தபோது, அதைத் தடுக்கும் திருத்தத்தை மைக்ரோசாஃப்ட் மார்ச் 14 அன்றே வெளியிட்டிருந்தது. பலர் அதைப் போட்டுக்கொள்ளவில்லை. என் கடையிலும் அப்டேட் கேட்டால் “பிறகு” என்ற பொத்தானைத்தான் பையன்கள் அழுத்துகிறார்கள். அதற்குக் காரணம் சோம்பல் மட்டும் இல்லை. போன முறை அப்டேட் போட்டபோது பில் அடிக்கும் திரை மாறிப்போய், கவுண்டரில் ஆள் நிற்கும்போது எந்தக் கட்டம் எங்கே போயிற்று என்று தேடி அரை நாள் வீணானது அவர்களுக்கு நினைவிருக்கிறது. திருத்தத்தையும் புதுமையையும் ஒரே பொட்டலமாகக் கட்டித் தருவதால், புதுமைக்கு அஞ்சுகிறவர்கள் திருத்தத்தையும் சேர்த்துத் தள்ளிப்போடுகிறார்கள்.

ஐரோப்பிய ஒன்றியம் 2024-இல் கொண்டுவந்த சட்டம், தொழில்நுட்ப ரீதியாக இயன்ற இடங்களில் பாதுகாப்புத் திருத்தங்களைப் புதிய வசதிகளிலிருந்து பிரித்துத் தர வேண்டும் என்கிறது. தாக்குதலுக்குப் பயன்படும் ஓட்டை பற்றி அறிந்த 24 மணி நேரத்துக்குள் தயாரிப்பாளர் அதிகார அமைப்புக்கு முதல் தகவல் தர வேண்டும் என்ற விதிக்கு 2026 செப்டம்பர் 11 என்றும், முழுச் சட்டத்துக்கு 2027 டிசம்பர் 11 என்றும் அதில் தேதி குறிக்கப்பட்டிருக்கிறது. நம் நாட்டில் மத்திய அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் 2022 ஏப்ரலில் பிறப்பித்த ஆணைப்படி, இணையத் தாக்குதலுக்கு ஆளான நிறுவனம் 6 மணி நேரத்துக்குள் அதைத் தெரிவிக்க வேண்டும். அடிபட்டவனுக்கு மணிக் கணக்கில் கெடு வைத்திருக்கும் அந்த ஆணையில், பிழையுள்ள மென்பொருளை விற்றவர் இத்தனை நாளில் வாடிக்கையாளருக்குத் திருத்தம் தர வேண்டும் என்ற வரி இல்லை.

எங்களைப் போன்ற பல வணிகர்களின் ஜி.எஸ்.டி. கணக்கு இன்று தனியார் பில்லிங் மென்பொருள்களின் வழியாகத்தான் அரசைச் சென்றடைகிறது. எனவே, வரிக் கணக்கையோ வாடிக்கையாளரின் தரவையோ பாதிக்கும் பிழை தெரிந்தால், அன்றைய தினமே எல்லா வாடிக்கையாளருக்கும் அறிவிக்கவும், திருத்தத்தைத் தனியாகவும் பராமரிப்பு ஒப்பந்தம் இருக்கிறதா இல்லையா என்று பார்க்காமலும் தரவும் இந்த நிறுவனங்களைக் கட்டாயப்படுத்தும் விதியை மத்திய அரசு கொண்டுவர வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். எங்கள் வணிகர் சங்கங்களும் மென்பொருள் வாங்கும்போதே இந்த நிபந்தனையை எழுத்தில் கேட்டு வாங்க வேண்டும். விலையில் தள்ளுபடி கேட்கிற நாங்கள் இதைக் கேட்பதில்லை.

செப்டம்பர் கடைசியில் எங்களுக்குத் தேவைப்பட்டது கைப்பேசியில் ஒரு குறுஞ்செய்தி: “செப்டம்பர் 22-க்கு முந்தைய பில்லின் சரக்கு திரும்பி வந்தால் வரி விகிதத்தை நீங்களே 12 என்று மாற்றிப் போடுங்கள், திருத்தம் வரும் வரை இப்படிச் செய்யுங்கள்.” அதை அனுப்ப அவர்களுக்குப் புதிய வெர்ஷன் தேவைப்பட்டிருக்காது.

இப்படிக்கு,
மருந்து மொத்த விற்பனையாளர் ஒருவர்,
திருச்சி