2024–25 ஆண்டறிக்கை: பொதுக்குழுவில் செயலர் வாசித்தது

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயற்குழு உறுப்பினர்களே, வருகை தந்திருக்கும் சிலரே, வணக்கம்.

காங்கயம் வட்டாரத்தில் கல் சேகரிப்பவர்கள் கூடி நடத்தும் நமது மன்றத்தின் கடந்த ஆண்டுப் பணிகளைச் சமர்ப்பிக்கிறேன்.

பொங்கல் விழா நடந்தது. பள்ளி ஒன்றில் கண்காட்சி வைத்தோம். கொடுமணல் அகழாய்வு இடத்துக்குச் சென்று வந்தோம். செயற்குழு இரண்டு முறை போதிய உறுப்பினர் இல்லாமல் கலைந்தது.

இந்த ஆண்டின் முக்கியப் பணி, ‘வைரம் சுமக்கும் பாறை’ என்ற தலைப்பில் நான் நடத்திய தொடர் வகுப்புகள். ஆழ்துளைக் கிணறு தோண்டிய தூளில் சிவப்புக் கல் கிடைத்தாலே, “இங்கே வைரமும் இருக்குமா?” என்று கேட்காத உறுப்பினர் நம்மில் இல்லை. கேட்டவர்களில் பாதிப்பேர் பதில் சொன்ன அன்று வரவில்லை. ஆகவே இங்கே சுருக்கமாகப் பதிவு செய்கிறேன்.

வைரம் உருவாவது பூமிக்கடியில் சுமார் 150 கிலோமீட்டருக்கும் கீழே. கிம்பர்லைட் என்னும் எரிமலைக் குழம்பு அதைத் தயாரிப்பதில்லை. வரும் வழியில் பிடுங்கி மேலே கொண்டுவருகிறது. கரியமில வாயுவும் நீரும் நிறைந்த குழம்பு என்பதால் சில மணி நேரத்திலோ சில நாட்களிலோ மேலே வந்துவிடுகிறது. மெதுவாக வந்தால் வைரம் கிராஃபைட்டாக மாறிவிடும். குழம்பு மேலேறிய வழியில் இறுகிப் பாறையாக நிற்பதைத்தான் ‘குழாய்’ என்கிறோம். தென்னாப்பிரிக்காவின் கிம்பர்லி குழாய்களுக்கு வயது சுமார் 9 கோடி ஆண்டு. அவற்றில் கிடைத்த வைரங்களில் சில 300 கோடி ஆண்டுக்கு முந்தையவை. மேலே அகன்று கீழே குறுகிய கேரட் வடிவில் இந்தக் குழாய்கள் நிற்கின்றன.

தேடுவோர் முதலில் வைரத்தைத் தேடுவதில்லை. அதனுடன் வரும் பைரோப் கார்னெட் என்னும் சிவப்புக் கல், இல்மனைட் என்னும் கறுப்புக் கனிமம், குரோம் டையாப்சைடு என்னும் பச்சைக் கனிமம் ஆகியவற்றின் மணிகளைத்தான் தேடுகிறார்கள். இதை வகுப்பிலேயே செய்து காட்டினோம். ஓடை மணலைச் சலித்து, எவர்சில்வர் தாம்பாளத்தில் நீரோடு சுழற்றினால் லேசான மணல் வழிந்துவிடும். அடியில் கறுப்பு மணலும் கம்பு தானிய அளவுச் சிவப்புக் கற்களும் தங்கும். ஒருவர் அவற்றை வெள்ளைத்தாளில் பரப்பி, லென்ஸ் வைத்துப் பார்த்துவிட்டு உடனே விலை கேட்டார். விலை இல்லை. அவை நம் பாறைகளின் இரும்புச்சத்து மிகுந்த கார்னெட். கிம்பர்லைட்டின் குரோமியம் கலந்த ஊதாச் சிவப்புக் கார்னெட் அல்ல.

1954இல் சைபீரியாவில் இப்படிப் பைரோப் மணிகளின் தடத்தைப் பின்பற்றிச் சென்றுதான் புவியியலாளர் லாரிசா போபுகாயேவா ‘சர்னித்சா’ குழாயைக் கண்டுபிடித்தார். 1957இல் அந்தப் பகுதி வைரங்களைக் கண்டுபிடித்ததற்காகச் சோவியத் நாட்டின் லெனின் பரிசு அறிவிக்கப்பட்டபோது பட்டியலில் அவர் பெயர் இல்லை. எந்தச் சங்கத்திலாவது செயலராக இருந்தவர்களுக்கு இதில் வியப்பு இருக்காது.

நம் பகுதிக்கு வாய்ப்பு குறைவு. பழைமையான, குளிர்ந்த, தடித்த கண்டக் கருவின் மேல்தான் வைரம் கொண்ட கிம்பர்லைட் கிடைக்கிறது என்று 1966இல் கிளிஃபர்டு என்ற புவியியலாளர் எடுத்துச் சொன்னார். நம் கொங்குப் பாறைகளோ சுமார் 55 கோடி ஆண்டுக்கு முன் மறுபடியும் கடும் வெப்பத்தில் வெந்தவை. படியூரின் அக்வாமரின் என்னும் நீலப்பச்சைக் கல்லும் சிவன்மலையின் நெஃபிலின் சையனைட் பாறையும் நமக்கு வாய்த்தவை. அவற்றையே இன்னும் சரியாகப் பார்த்து முடிக்கவில்லை.

கிம்பர்லைட்டை நேரில் காண ஆந்திரத்தின் அனந்தபூர் மாவட்டத்தில் வஜ்ரகரூருக்குச் செல்லத் திட்டமிட்டேன். அங்குள்ள குழாய்கள் சுமார் 110 கோடி ஆண்டுக்கு முந்தையவை. முதல் மழை பெய்தால் இன்றும் மக்கள் விவசாயக் காடுகளில் குனிந்து வைரம் தேடுகிறார்கள். பெயர் கொடுத்தவர்களுக்குக் குறைவில்லை. பணம் கட்டச் சொன்னதும் ஒருவருக்குக் காதுகுத்து, ஒருவருக்குக் கண்ணபுரம் மாட்டுச்சந்தை, இன்னொருவருக்குக் களத்தில் தேங்காய் காய்ந்துகொண்டிருந்தது. கட்டிய சிலருக்குப் பணத்தைத் திருப்பித் தந்தோம். பஸ்சுக்குக் கொடுத்த முன்பணம் முழுவதுமாகத் திரும்பவில்லை. அந்தத் தொகையைச் செயலரின் தனிப்பட்ட செலவாகக் காட்டலாம் என்று செயற்குழுவில் எழுந்த யோசனையை நான் ஏற்கவில்லை; இது குறிப்பேட்டில் பதிவாகியிருக்கிறது.

வரவு செலவு ஏறக்குறைய சமமாக நிற்கிறது. விவரம் பொருளாளரிடம் உள்ளது. சந்தா பாக்கி வைத்திருப்பவர்கள் பாதிக்கு மேல். பெயர்களை வாசிக்க வேண்டாம் என்று தலைவர் கேட்டுக்கொண்டதால் வாசிக்கவில்லை.

மாடி தந்து உதவிய அரிசி ஆலை உரிமையாளருக்கும், தேநீர் வழங்கியவர்களுக்கும், தணிக்கையாளருக்கும் நன்றி.

வரும் ஆண்டில் வஜ்ரகரூர் பயணத்தை மீண்டும் வைக்கலாம். ஆனால் முழுப் பணத்தையும் முன்கூட்டியே வாங்கிய பிறகுதான். ஒரு நல்ல நுண்ணோக்கியும் தேவை. செயலர் பொறுப்புக்கு வேறு யாராவது முன்வந்தால் மகிழ்ச்சியோடு சாவியை ஒப்படைப்பேன். கடந்த முறையும் இதையே சொன்னேன், ஒரு கையும் உயரவில்லை. இன்று சாப்பாட்டுப் பந்தி தொடங்கும்வரை பொருளாளர் படிக்கட்டருகே ரசீது புத்தகத்துடன் உட்கார்ந்திருப்பார்.

இப்படிக்கு,
செயலர்