யூனியன் நிலைய வாசலிலுள்ள சிலை குறித்து

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ரொறன்ரோ நகரின் பொதுச் சிலைகளைப் பற்றித் தங்கள் சென்ற வார இதழில் வெளிவந்த கட்டுரையில், யூனியன் புகையிரத நிலையத்துக்கு எதிரே ஃபிரன்ட் வீதியோரம் நிற்கும் சிலை ஒரே வாக்கியத்தில் முடிக்கப்பட்டிருந்தது: “அது இத்தாலியர்கள் தங்களுக்கென்று வைத்துக்கொண்ட சிலை, நமக்கென்று ஒன்று அங்கே எப்போது எழும்?” கட்டுரையாளர் அந்தச் சிலையடியில் ஒரு தடவையாவது நின்று பார்த்திருப்பார் என்று நம்ப எனக்கு விருப்பந்தான். அந்த வாக்கியம்தான் அதற்கு இடந்தரவில்லை.

தாங்கள் அறியாததை நான் எழுதப்போவதில்லை. அந்தச் சிலையின் பெயரே ‘பல்கலாசாரத்துக்கான நினைவுச்சின்னம்’ என்பதும், இத்தாலியரான ஃபிரான்செஸ்கோ பெரில்லி என்னும் சிற்பி அதை வடித்தார் என்பதும், 1985ஆம் ஆண்டிலிருந்து அது அங்கே நிற்கிறது என்பதும் தங்களுக்குத் தெரிந்தவையே. பூகோளத்தின் நெடுங்கோடுகளைப் போல வளைந்த பட்டைகளுக்கு நடுவில் ஒரு மனிதன் நின்று, கைக்கொன்றாகப் பிடித்த இரண்டு கோடுகளைப் பொருத்திக்கொண்டிருக்கிறான். ஏனைய கோடுகளைப் புறாக்கள் ஏந்தி வருகின்றன. அவன் எந்த நாட்டவன், எந்தச் சமயத்தவன் என்று காட்ட உடம்பில் ஓர் அடையாளமும் இல்லை. இவ்வளவையும் கண்ட பிறகும் ஒருவருக்கு ‘இத்தாலியர்’ மட்டுமே கண்ணில் பட்டிருந்தால், அவர் பார்த்தது சிலையை அல்ல, சிற்பியின் பிறப்புச் சான்றிதழை. சிற்பியின் பெயராவது கட்டுரையில் இருக்கிறதா என்று தேடினேன், அதுவும் இல்லை.

இதே சிலை சீனாவின் சாங்சுனிலும், பொஸ்னியாவின் தலைநகரான சரயேவோவிலும் நிற்கிறது. 1992 முதல் 1996 வரை முற்றுகைக்குள் கிடந்து, தண்ணீர் எடுக்கப் போனவர்களையும் பாண் வாங்க வரிசையில் நின்றவர்களையும் ஷெல்லுக்கும் குறிபார்த்துச் சுடுபவர்களுக்கும் பறிகொடுத்த நகரம் அது. போர் ஓய்ந்த பின்னர், பல்கலாசார மனிதனே உலகைக் கட்டியெழுப்புவான் என்ற கருத்துடன் அந்தச் சிலையைத் தங்கள் நகர நடுவில் ஏற்றுக்கொண்ட அந்தச் சனம், இது இத்தாலியனுடைய சாமான் என்று ஒதுக்கவில்லை. முற்றுகை என்றால் என்னவென்று எவரும் விளக்கத் தேவையில்லாத நம்மவர்களின் பத்திரிகைக்கு அது எப்படி வேற்றாரின் சிலையாகிப்போனது என்பதுதான் எனக்கு விளங்கவில்லை.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் பே வீதி அலுவலகக் கட்டடமொன்றில் இரவுத் துப்புரவு வேலை செய்தவன் நான். விடிந்ததும் ரயிலுக்கு நேரமிருந்தால் அந்தச் சிலையடியில்தான் காத்திருப்போம். எங்கள் மேற்பார்வையாளர் ஒரு வயதான இத்தாலியர். 1940 ஜூனில் முசோலினி போரில் இறங்கியதும், ரொறன்ரோவில் சப்பாத்துத் தைத்துக்கொண்டிருந்த தன் தகப்பனைப் பொலிசார் கூட்டிச்சென்று பெற்றவாவா முகாமில் அடைத்த கதையை, தரை துடைக்கும் தடியை ஊன்றியபடி, கோபமே இல்லாமல் சொல்வார். அவ்வாறு அடைக்கப்பட்டவர்கள் ஏறத்தாழ 600 பேர். அதற்குக் கனடாப் பிரதமர் நாடாளுமன்றத்தில் மன்னிப்புக் கேட்க 2021 மே மாதம் வரை எடுத்தது. 1960 மார்ச் 17 அன்று ஹொக்ஸ் ஹொலோவில் இந்த நகரத்துக்குத் தண்ணீர்க் குழாய் பதிக்கும் சுரங்கத்துக்குள் தீப்பிடித்து மாண்ட ஐவரும் இத்தாலியக் குடியேறிகளே. ஒன்ராறியோவின் தொழிற் பாதுகாப்புச் சட்டங்கள் இறுக்கப்பட்டது அந்தச் சாவுகளுக்குப் பிறகுதான். நம் பிள்ளைகள் இன்று தலைக்கவசத்துடன் கட்டட வேலைக்குப் போகிறார்களே, அந்தப் பாதுகாப்பையும் ‘இத்தாலியர்கள் தங்களுக்கென்று வைத்துக்கொண்டது’ என்று திருப்பிக் கொடுத்துவிடுவோமா?

2010 ஆகஸ்டில் ‘சன் சீ’ கப்பலில் ஏறத்தாழ 490 தமிழர்கள் பிரிட்டிஷ் கொலம்பியாக் கரைக்கு வந்திறங்கியபோது, “இவர்கள் நம்மவர்களல்லர்” என்று இங்குள்ள வானொலிகளில் பேசப்பட்டதைக் கண்டித்துத் தாங்கள் எழுதிய ஆசிரியத் தலையங்கத்தை நான் வெட்டி வைத்திருக்கிறேன். அது நல்ல தலையங்கம். அதை எழுதிய கையே சென்ற வாரக் கட்டுரையையும் அச்சுக்கு அனுப்பியது என்பதை ஏற்கச் சற்றுச் சிரமப்படுகிறேன். கடந்த ஆண்டு மே 10ஆம் திகதி, அதாவது 2025இல், பிரம்டன் சிங்குவாகூசி பூங்காவில் தமிழினப் படுகொலை நினைவுச்சின்னம் திறக்கப்பட்டபோது நானும் அந்தக் கூட்டத்தில் நின்றேன். எனக்குப் பக்கத்தில் தன் பேரப்பிள்ளையின் கையைப் பிடித்தபடி நின்ற சீக்கியப் பெரியவர், “இது உங்களுடையது, எனக்கென்ன” என்று கேட்கவில்லை. தலைப்பாகையைச் சரிசெய்துகொண்டு, பெயர் சொல்லத் தெரியாத நம் இறந்தவர்களுக்காகத் தலை குனிந்தார். இலங்கை அரசு அதை எதிர்த்தபோது நமக்காகப் பேசிய நகரசபையிலும் நம்மவர்கள் மட்டும் இருக்கவில்லை.

எழுதத் தொடங்கிவிட்டதால் இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். தை மாதம் வந்தால் தமிழ் மரபுத் திங்கள் என்று தங்கள் இதழ் தடித்துவிடுகிறது. புரட்டினால், பட்டுவேட்டி கட்டிய அரசியல்வாதிகளும், அவர்களுக்குப் பொன்னாடை போர்த்துகிற அதே கைகளும்தான் பக்கத்துக்குப் பக்கம். ஓவியரோ சிற்பியோ ஒருவரையும் காணோம். என் மகள் இங்கே கலைக் கல்லூரியில் சிற்பம் பயின்றவள். அவள் தன் தோழர்களுடன் ஒரு கண்காட்சி வைத்தபோது செய்திக்குறிப்பை நானே தங்கள் அலுவலகத்துக்குக் கொண்டுவந்து கொடுத்தேன். விளம்பரமாகப் போடுவதென்றால் கால் பக்கத்துக்கு இவ்வளவு என்று அங்கிருந்த தம்பி மிகவும் மரியாதையாகச் சொன்னார். அந்த வார இதழில் ஒரு நகைக்கடையின் இரண்டாவது கிளைத் திறப்பு விழாவுக்கு முழுப் பக்கம் ஒதுக்கப்பட்டிருந்தது; நாடா வெட்டிய கத்தரிக்கோல்கூடத் தெளிவாகத் தெரிந்தது. நமக்கென்று ஒரு சிலை எப்போது எழும் என்று கேட்கிறீர்கள். அதைச் செய்யக்கூடிய பிள்ளைகள் தங்கள் அலுவலகப் படிவரை வந்து திரும்பியிருக்கிறார்கள், ஐயா.

நமக்கொரு சிலை வேண்டாமென்று நான் சொல்லவில்லை. வரட்டும், முதல் ஆளாகப் போய் நிற்பேன். அதற்காக, ஏற்கெனவே நம்மையும் சேர்த்து வடித்துவைத்த ஒன்றை எடுத்து வேறொருவர் வீட்டுச் சொத்தாக எழுதிக்கொடுக்க வேண்டிய அவசியம் என்ன?

எனது வேண்டுகோள் சிறியது. அடுத்த இதழில், கடைசிப் பக்கத்தின் அடியிலானாலும் சரி, அந்தச் சிலையின் பெயரையும், சிற்பி ஃபிரான்செஸ்கோ பெரில்லியின் பெயரையும், 1985 என்ற ஆண்டையும் ஒரு திருத்தமாக வெளியிட வேண்டும். மூன்று வரிக்கு மேல் வராது. திருத்தங்களுக்கும் கால் பக்கக் கட்டணம் உண்டென்றால் தயவுசெய்து அறியத்தரவும். மகளிடம் சொல்லாமல் கட்டிவிடுகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நெடுங்கால வாசகன்,
ஸ்காபரோ