கேம்பிரியனுக்கு முன்பு ஒன்றுமே நடக்கவில்லையா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஞாயிறு இணைப்பில் வந்த பூமியின் வரலாற்றுக் கட்டுரையைப் படித்தேன். படங்கள் அருமை. ஆனால் பிரீகேம்பிரியனை, அதாவது பூமி தோன்றியதிலிருந்து கேம்பிரியன் காலம் தொடங்கும் வரையிலான காலத்தை, இரண்டே வரியில் தாண்டிவிட்டது நியாயமில்லை.

பூமிக்கு வயது ஏறத்தாழ 454 கோடி ஆண்டுகள். கேம்பிரியன் காலம் தொடங்கியது சுமார் 54 கோடி ஆண்டுகளுக்கு முன்புதான். உங்கள் நாளிதழின் எட்டுப் பத்திப் பக்கத்தை இந்தக் கணக்கில் பிரித்தால், ஏழு பத்தி பிரீகேம்பிரியனுக்கே போய்விடும். மீன், பெரணி, டைனோசர், நாம் எல்லோரும் கடைசிப் பத்தியில் நெருக்கியடித்துக்கொள்ள வேண்டியதுதான். நீங்கள் போட்ட படத்திலோ எல்லாக் காலத்துக்கும் ஒரே அளவுப் பெட்டி!

அது சும்மா கிடந்த காலமும் இல்லை. நீலப்பச்சைப் பாசி என்கிற நுண்ணுயிர்கள் கடலில் ஆக்சிஜனை வெளிவிட்டது அப்போதுதான். அந்த ஆக்சிஜன் முதலில் தண்ணீரில் கரைந்திருந்த இரும்போடு சேர்ந்து அடியில் படிந்தது. காற்றில் அது தங்க ஆரம்பித்தது சுமார் 240 கோடி ஆண்டுகளுக்கு முன்பு. உலகின் பெரிய இரும்புத் தாதுப் படுகைகள் பலவும் பிரீகேம்பிரியன் காலத்தவை. நம் சேலம் கஞ்சமலையின் பட்டை பட்டையான இரும்புப் பாறையும் அந்தக் காலத்ததே.

சேலம் வரை போவானேன்? வடசென்னையில் குன்று கிடையாது, ஆற்று வண்டலும் கடல் மணலும்தான். காசிமேட்டிலிருந்து எண்ணூர் வரை கடலரிப்பைத் தடுக்கப் போட்ட தூண்டில் வளைவுக் கற்களெல்லாம் வெளியிலிருந்து லாரியில் வந்தவை. சென்னையைச் சுற்றியுள்ள குவாரிகளில் வெட்டும் கருங்கல் பெரும்பாலும் சார்னோகைட். பல்லாவரத்தில் இருக்கும் அதே பாறைக்கு வயது சுமார் 250 கோடி ஆண்டுகள். கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி ஜாப் சார்னாக்கின் கொல்கத்தாக் கல்லறைக் கல்லை ஆராய்ந்து, அவர் பெயரையே இந்தப் பாறைக்கு வைத்தவர் புவியியலாளர் தாமஸ் ஹாலண்ட். அந்தக் கல்லே இங்கிருந்து போனதுதான்! பல்லாவரத்துப் பாறையை இந்தியப் புவியியல் ஆய்வுத் துறை தேசியப் புவியியல் நினைவுச் சின்னமாக அறிவித்திருக்கிறது. உள்ளூரில் இப்படி ஒன்று இருக்க, கட்டுரைக்கு அமெரிக்காவின் கிராண்ட் கேன்யன் படம் எதற்கு?

இன்னொன்று. நிலக்கரி கார்போனிஃபெரஸ் காலத்தில் உருவானது என்று எழுதியிருந்தீர்கள். ஐரோப்பாவுக்குச் சரி. ஒடிசாவின் தால்சேர் சுரங்கங்களிலிருந்து கப்பலேறி எண்ணூருக்கு வருகிற நிலக்கரி அதற்கு அடுத்த பெர்மியன் காலத்தது, அதாவது 25 முதல் 30 கோடி ஆண்டுகளுக்கு முந்தையது. இந்திய நிலக்கரியில் பெரும்பகுதி அப்படித்தான். நெய்வேலிப் பழுப்பு நிலக்கரி இதைவிட ரொம்பவே இளசு.

அடுத்த இணைப்பில் இந்தத் திருத்தத்தையும், அளவுகோலோடு வரைந்த காலப் படத்தையும் வெளியிடுங்கள். டைனோசருக்கு இடம் குறைந்தால் பிள்ளைகள் கோபித்துக்கொள்வார்கள்தான், பரவாயில்லை.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
எண்ணூர், சென்னை – 57