மக்கின் தீவருகே மூழ்கிய கப்பல்

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் கடிதம் சென்ற வாரம் கிடைத்தது. முழங்கால் வலி தணிந்து மாடிப்படி ஏறத் தொடங்கிவிட்டீர்கள் என்று அறிந்து நிம்மதியடைந்தேன். கப்பல் என்ஜின் அறையிலேயே வாழ்நாளைக் கழித்த உங்களிடம் சொல்லாமல் இருக்க முடியாத ஒரு கதையைச் சில நாட்களாகப் படித்துவருகிறேன்.

இரண்டாம் உலகப் போரில் மூழ்கிய 'லிஸ்கம் பே' என்ற அமெரிக்கக் கப்பலின் கதை அது. வாஷிங்டன் மாநிலத்து வான்கூவரில் கைசர் கப்பல் கட்டும் தளம் அவசர அவசரமாகக் கட்டிக்கொடுத்த 50 சிறிய விமானந்தாங்கிகளுள் ஒன்று. 1943 ஆகஸ்ட் 7 அன்று கடற்படையில் சேர்ந்த அது, நான்கு மாதம்கூட நிறையாமல் நவம்பர் 24 அன்று பசிபிக் பெருங்கடலின் கில்பர்ட் தீவுகளில் மக்கின் அருகே மூழ்கியது.

மக்கினில் இறங்கிய சுமார் 6,500 அமெரிக்க வீரர்களுக்கு எதிரே ஜப்பானியத் தரப்பில் இருந்தவர்கள் கூலியாட்களையும் சேர்த்து ஏறத்தாழ 800 பேர்தான். ஆயினும் தீவைப் பிடிக்க நான்கு நாட்கள் ஆயின. அதுவரை வானிலிருந்து துணை நிற்பதற்காக விமானந்தாங்கிகள் அதே கடலில் சுற்றிவர வேண்டியிருந்தது. அதற்குள் ஐ-175 என்ற ஜப்பானிய நீர்மூழ்கி வந்து சேர்ந்துவிட்டது.

விடியலுக்கு முன், ஐந்து மணி கடந்து சில நிமிடங்களில், விமானங்களை ஏவ ஆயத்தமாகிக்கொண்டிருந்த வேளையில் பின்பக்கம் டார்பிடோ தாக்கியது. அந்த இடத்தில் விமானக் குண்டுகளை அடுக்கியிருந்த கிடங்கு இருந்தது. அதற்குக் கவசம் என்று சொல்லத்தக்க காப்பு எதுவும் கிடையாது. கிடங்கு மொத்தமாக வெடித்ததில் கப்பலின் பின்பகுதியே இல்லாமல் போனது. பின் என்ஜின் அறையிலிருந்து கடைக்கோடி வரை இருந்தவர்களில் ஒருவரும் பிழைக்கவில்லை. ஒரு மைலுக்கும் குறைவான தொலைவில் சென்ற 'நியூ மெக்சிகோ' போர்க்கப்பலின் தளத்தில் எண்ணெயும் இரும்புத் துண்டுகளும் மட்டுமன்றி மனிதச் சதையும் வந்து விழுந்தனவாம். அந்த வரியைப் படித்தபின் அன்று மேற்கொண்டு படிக்க எனக்கு மனம் வரவில்லை.

சுமார் 23 நிமிடங்களில் எல்லாம் முடிந்தது. ரியர் அட்மிரல் ஹென்றி முலினிக்ஸ், கேப்டன் இர்விங் வில்ட்ஸி உட்பட 640-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். மீட்கப்பட்டவர்கள் 272 பேர். தீவில் சண்டையிட்டு இறந்த அமெரிக்கர்கள் இதில் பத்தில் ஒரு பங்குதான். தரைப்படையின் மெத்தனமே காரணம் என்று பின்னாளில் சாடினார்கள். எனக்கு அது முழு நியாயமாகப் படவில்லை. தாமதம் கப்பலை ஆபத்தில் நிறுத்தியது உண்மை. ஆனால், ஒரே அடியில் இத்தனை உயிர் போனதற்கு அந்தக் காப்பற்ற கிடங்கல்லவா காரணம்? என்ஜின் அறைப் பணியாளர்கள் எதன் அருகே நின்று வேலை பார்த்தார்கள் என்பதை என்னைவிட நீங்கள் நன்றாக உணர்வீர்கள்.

இறந்தவர்களில் டோரிஸ் மில்லரும் ஒருவர். பேர்ல் ஹார்பர் தாக்குதலின்போது, பயிற்சியே பெறாத எந்திரத் துப்பாக்கியைப் பிடித்துச் சுட்டு, அமெரிக்கக் கடற்படையின் 'நேவி கிராஸ்' என்ற வீர விருது பெற்ற முதல் கறுப்பினத்தவர். அத்தனைக்குப் பிறகும், லிஸ்கம் பேயில் அவருக்குக் கிடைத்தது சமையற்காரர் வேலைதான். அவர் காணவில்லை என்ற செய்தி டெக்சஸில் இருந்த பெற்றோரை எட்டிய நாள் 1943 டிசம்பர் 7. பேர்ல் ஹார்பர் நடந்து சரியாக இரண்டு ஆண்டுகள்.

நீங்கள் பணியாற்றிய கப்பல்களில் எரிபொருள் தொட்டிகள் எங்கே இருந்தன, அவற்றுக்கும் என்ஜின் அறைக்கும் நடுவே என்ன காப்பு இருந்தது என்பதை விரிவாக எழுதுங்கள்.

என்றும் அன்புடன்,
உங்கள் நண்பன்