கண்ணுக்குள் தெரியும் விளக்கு

அன்பு மகளே,

ஒரு பாடல் வீடியோவின் ஷாட்களைப் பற்றி நீ எழுதி அனுப்பிய கட்டுரையை மூன்று முறை படித்தேன். பாடலையும் பக்கத்தில் ஓடவிட்டு, நீ சொன்ன இடங்களில் எல்லாம் நிறுத்திப் பார்த்தேன். முகம் மட்டும் தெரியும் குளோசப் எத்தனை, இடுப்பு வரை தெரியும் மிட் எத்தனை, இடம் முழுவதும் தெரியும் வைடு எத்தனை என்று ஒன்றுவிடாமல் எண்ணியிருக்கிறாய். அந்தப் பொறுமை உனக்கு இருப்பதில் எனக்கு ரொம்பச் சந்தோஷம். ஆனால் எண்ணியதோடு நின்றுவிட்டாய். இத்தனை வருஷம் விளக்கு தூக்கியவன் என்ற உரிமையில் சொல்கிறேன்: ஷாட்டின் பெயரை எழுதுவதற்கு முன்னால் பாடுகிறவளின் கண்ணைப் பார்.

முதல் சரணத்தில் வரும் குளோசப்பை நிறுத்திவை. கருவிழியில் நமக்கு இடப்பக்கம், சற்று மேலே, சதுரமாக ஒரு வெள்ளைப் புள்ளி இருக்கிறது. அதுதான் கீ லைட், முகத்துக்கு முதன்மையாக ஒளி தரும் விளக்கு, கண்ணில் பிரதிபலிக்கிறது. ரிங் லைட் என்றால் வளையமாகத் தெரிந்திருக்கும். மூக்கின் நிழல் விளிம்பே இல்லாமல் கன்னத்தில் கரைகிறது. அப்படியானால் விளக்கு பெரியது, முகத்துக்கு மிக அருகில் இருக்கிறது. பின்சுவர் ஏன் கறுத்துக் கிடக்கிறது என்பதற்கும் விடை இதிலேயே இருக்கிறது. விளக்கிலிருந்து முகம் 2 அடி, சுவர் 8 அடி என்று வைத்துக்கொள். தூரம் 4 மடங்கு என்றால் ஒளி 4 × 4 மடங்கு குறையும், அதனால் சுவரில் விழும் ஒளி 16-ல் ஒரு பங்கு. ஒளி பாதியானால் அது ஒரு ஸ்டாப், அதாவது இங்கே 4 ஸ்டாப் குறைவு. கறுப்புத் துணி எதுவும் கட்டாமலே சுவர் காணாமல் போய்விடும். அவள் தனியாக இருக்கிறாள் என்பதை அந்த 2 அடியே சொல்லிவிடுகிறது.

‘நீல நிறம் சோகத்தைக் காட்டுகிறது’ என்று எழுதியிருக்கிறாய். இந்த வரியை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். அந்த நீலம் எங்கிருந்து வருகிறது? ஜன்னலிலிருந்து. மேஜை விளக்கு மஞ்சளாக எரியும் டங்ஸ்டன், ஒளியின் நிறத்தை அளக்கும் கணக்கில் ஏறக்குறைய 3200 கெல்வின். பகல் வெளிச்சம் 5600. கேமராவை 3200-க்கு வைத்தால் விளக்கொளி இயல்பாகத் தெரியும், ஜன்னல் நீலமாகிவிடும். அவள் முகத்தில் ஒரு பாதி விளக்கு, மறுபாதி ஜன்னல். வீட்டில் இருப்பதா, வெளியேறுவதா என்று பாட்டு கேட்கிற வரியில்தான் அவள் ஜன்னல் பக்கம் திரும்புகிறாள். இதை நீ எழுதியிருந்தால் ‘சோகம்’ என்ற சொல்லே தேவைப்பட்டிருக்காது.

இரண்டாவது சரணத்தில் கூந்தல் மெதுவாகப் பறக்க, உதடு மட்டும் பாட்டோடு சரியாக அசைகிறதே, அதை எடிட்டிங் என்று எழுதிவிட்டாய். படப்பிடிப்பிலேயே பாட்டை இரண்டு மடங்கு வேகத்தில் ஓடவிடுவார்கள். அவள் அந்த வேகத்துக்கு உதட்டை அசைப்பாள். கேமரா நொடிக்கு 48 பிரேம் எடுக்கும். அதை நொடிக்கு 24 பிரேமில் ஓட்டும்போது உதடு பாட்டுக்குச் சேரும், மற்றதெல்லாம் பாதி வேகத்தில் மிதக்கும். முகத்தில் ஒளியைத் திருப்பிவிடும் தெர்மாகோல் பலகையைப் பிடித்தபடி பக்கத்தில் நின்று இதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். மூச்சு வாங்க ஓடுகிற அந்த வேகத்திலும் முகத்தை அமைதியாக வைத்திருப்பது பெரிய நடிப்பு. அதைப் பற்றி யாரும் எழுதுவதில்லை. நீ எழுது.

வெட்டுகளைப் பற்றி நீ சொன்னது சரி. பாட்டு நிமிடத்துக்கு 120 தட்டு, ஒரு தட்டுக்கு அரை நொடி, 12 பிரேம். பல்லவியில் இரண்டு தட்டுக்கு ஒரு வெட்டு விழுகிறது.

ஆனால் எல்லாப் பாட்டுக்கும் வெட்டு வேண்டும் என்று நினைத்துவிடாதே. 1990-இல் வந்த ‘நத்திங் கம்பேர்ஸ் டு யூ’ பாடலில் பெரும்பகுதி ஷினேட் ஓ’கானரின் முகமும் கறுப்புப் பின்னணியும்தான். கேமரா முகத்தை விட்டுப் போகாமல் காத்திருந்ததால்தான் கன்னத்தில் இறங்கும் கண்ணீர் நமக்குக் கிடைத்தது.

இன்னொன்று. உன் பாடலின் கடைசிக் குளோசப்பை நீ பட்டியலில் ‘குளோசப், 4 நொடி’ என்று மட்டும் போட்டிருக்கிறாய். அதே முகம், அதே அளவு. ஆனால் கண்ணில் அந்த வெள்ளைப் புள்ளி இல்லை. முன்னால் இருந்த விளக்கை எடுத்துவிட்டு, பின்னாலிருந்து மட்டும் ஒளி விட்டிருக்கிறார்கள். முடியின் ஓரம் மின்னுகிறது, கண் இருண்டுவிட்டது. அவள் முடிவு எடுத்துவிட்டாள், என்ன முடிவு என்று நமக்குக் காட்டவில்லை. கட்டுரையை நீ இங்கிருந்துதான் தொடங்கியிருக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது.

மூன்றாம் பத்தியில் ‘அழகான ஒளியமைப்பு’ என்று இருப்பதை அடித்துவிட்டு, விளக்கு எங்கே இருந்தது என்று எழுதி அனுப்பு. காத்திருக்கிறேன்.

அன்புடன்,
அப்பா