மாற்றும் முன் தைக்க முடியுமா என்று கேளுங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

உங்கள் மருத்துவப் பக்கத்தில் இதய வால்வு மாற்று சிகிச்சை பற்றிப் படித்தேன். வால்வு கசிந்தால் மாற்றித்தான் ஆக வேண்டும் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது, அதனால் எழுதுகிறேன்.

என் மகளுக்கு அப்போது 26 வயது. மாடி ஏறினால் மூச்சு வாங்கும், படுத்தால் இருமல். எக்கோ (இதய ஸ்கேன்) எடுத்ததில், இதயத்தின் இடப்பக்க மேலறைக்கும் கீழறைக்கும் நடுவிலுள்ள மைட்ரல் வால்வு பலமாகக் கசிகிறது என்று தெரிந்தது. முதலில் போன மருத்துவமனையில் உலோக வால்வு வைக்க வேண்டும் என்று கையெழுத்துக் கேட்டார்கள். அதை வைத்தால் ரத்தம் உறையாமலிருக்க ஆயுள் முழுக்க மாத்திரை, ரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்று பார்க்க அடிக்கடி ஐ.என்.ஆர். பரிசோதனை. கர்ப்பமானால் அந்த மாத்திரையால் குழந்தைக்கே ஆபத்து வரலாம். பக்கத்துப் படுக்கை அம்மா சொல்லித்தான் இதெல்லாம் எங்களுக்குத் தெரியும்.

மதுரையில் வேறொரு சர்ஜனைப் பார்த்தோம். அவர் சீட்டின் பின்பக்கம் படம் வரைந்து காட்டினார். வால்வுக்கு இரண்டு இதழ்கள், அவற்றைக் கீழிருந்து இழுத்துப் பிடிக்க மெல்லிய நாண்கள். பின்னிதழின் நாண் ஒன்று அறுந்து, அந்த இடம் மேலே மடங்கிக்கொள்கிறது, ரத்தம் பின்னால் போகிறது.

நான் 30 வருடமாக ஜாக்கெட் தைப்பவள். அவர் சொல்லச் சொல்லப் புரிந்தது. தொளதொளத்த பகுதியை முக்கோணமாக வெட்டியெடுத்து இரு ஓரத்தையும் சேர்த்துத் தைப்பார்களாம், ஜாக்கெட் உடம்போடு பொருந்த நாங்கள் துணியை மடித்து டாட் பிடிக்கிற மாதிரி. தேவைப்பட்டால் அறுந்த நாணுக்குப் பதில் கோர்டெக்ஸ் என்ற செயற்கை நூல். விரிந்துபோன வால்வின் வாயைச் சுற்றி ஒரு ரிங் வைத்துத் தைத்தால் பழைய அளவுக்கு வந்துவிடும். பாரிஸில் கார்ப்பெந்தியே என்ற சர்ஜன் இந்த முறைகளை வகுத்து 1983இலேயே எழுதிவிட்டாராம். தைத்ததும் சிரிஞ்சில் உப்புநீரை அடித்து நிரப்பி, இதழ்கள் ஒழுகாமல் சேருகின்றனவா என்று பார்ப்பார்கள். இதயம் துடிக்கத் தொடங்கியதும் உணவுக்குழாய் வழியே மறுபடி எக்கோ. அப்போதும் கசிந்தால் திரும்பத் தைப்பார்கள், முடியாவிட்டால்தான் மாற்றுவார்கள்.

மகளுக்கு அப்படியே தைத்தார்கள். ரத்தம் உறையாமலிருக்கும் மாத்திரை 3 மாதத்தோடு நின்றது.

எல்லோருக்கும் இது முடியாது. ருமாட்டிக் காய்ச்சலால் (தொண்டைத் தொற்றுக்குப் பின் வந்து இதய வால்வைக் கெடுக்கும் காய்ச்சல்) இதழ் தடித்துச் சுருங்கியிருந்தால் பெரும்பாலும் மாற்றத்தான் வேண்டியிருக்கும் என்று அந்த சர்ஜனே சொன்னார். சரி, அதையாவது சொல்ல வேண்டாமா? கையெழுத்து வாங்குகிற படிவத்தில் "வால்வைச் சரிசெய்ய முடியுமா, முடியாதென்றால் ஏன்" என்று தமிழில் ஒரு வரி சேர்க்கும்படி சுகாதாரத் துறையை உங்கள் மூலம் கேட்டுக்கொள்கிறேன்.

ஒரு வாசகி,
திண்டுக்கல்